உள்ளே இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன்

ஜனவரி 6

அன்புள்ள குட்டைக்கு,

நேற்று மாலை உறுதியானது இது: ஆஸ்பத்திரி லிஃப்ட் குழியில் உன் வீட்டுக்காரர் இறந்ததை வெறும் விபத்து என்று மூடிவிடாமல், தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் தனியாக விசாரிக்கப் போகிறார். சொன்னவர் அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர். வாய்ச்சொல்லை நம்பி எழுதவில்லை. ஆய்வாளர் கையெழுத்திட்ட தாளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி நிர்வாகம் முந்திக்கொண்டு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "மின் இணைப்பைத் துண்டிக்காமலும் எச்சரிக்கைப் பலகை வைக்காமலும் லிஃப்ட் குழிக்குள் இறங்கியது இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே." ஆய்வாளர் இதை மறுத்து எழுதாவிட்டால் அவரைப் பற்றி நிற்கப்போகும் கடைசி வார்த்தை இதுதான். வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

காது மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுத்தாயா? உன் அண்ணன் வீட்டில் உனக்கென்று ஒரு மூலையாவது கிடைத்ததா? என் அம்மா அப்படியே இருக்கிறாள். வலது கை அசையவில்லை. பேச்சு குழறல்தான், எனக்கு மட்டும் புரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெட்டை


ஜனவரி 15

அன்புள்ள நெட்டைக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மெஷின் இப்போது விசில் மட்டும்தான் அடிக்கிறது. நெசவாலைத் தறிகளுக்கு நடுவில் இருபது வருஷம் நின்ற காது, இனி மெஷின் வந்துதானா திருந்தப் போகிறது? போன் பண்ணாதே, கடிதமே போடு. அண்ணன் பேத்திதான் என் அறைத்தோழி. இரவெல்லாம் என்னை உதைக்கிறாள். பரவாயில்லை, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பலகை வைக்காமல் இறங்கினாராம்! எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவருக்குச் சத்தமாகப் பேசத் தெரியாது, எனக்குக் காது கேட்காது. "பொருத்தம் பார்த்தவன் கெட்டிக்காரன்" என்று நீதானே கல்யாணத்தன்று சொன்னாய்? அவர் கண்டுபிடித்த வழிதான் பலகை. அடுப்புக்கு மேலே "பால் இருக்கிறது, மறக்காதே". வாசலில் "கடைக்குப் போயிருக்கிறேன், பத்து நிமிஷம்". குளியலறைக் கதவில் "உள்ளே இருக்கிறேன்". நான் தட்டினால் அவர் உள்ளேயிருந்து பதில் சொல்வார், எனக்குக் கேட்காது, கதவைத் திறந்துவிடுவேன். பாவம், எத்தனை தடவை சோப்பும் கையுமாக நின்றிருக்கிறார்!

அதையே வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது மாட்ட அவர்கள் கொடுத்தது மண்டையோடு போட்ட சிவப்புத் தகடு. "நோயாளியப் பாக்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய் வர்றாங்க. அவங்களப் போய் மண்டையோட்டக் காட்டி மிரட்டணுமா?" என்றார். வெள்ளைப் பலகையில் நீல எழுத்தில் தானே எழுதினார்: "உள்ளே இருக்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன்." உனக்குத் தெரியாதா, நீயும் பார்த்திருப்பாய்.

அந்தப் பலகை எங்கே? அதைக் கண்டுபிடி. அது கிடைத்தால் அந்த வரி பொய் என்று ஆகிவிடும். அன்றைக்கு நீ ஆபீஸிலிருந்து ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டதுதான் ஞாபகம். மற்றது எல்லாம் புகை மாதிரி இருக்கிறது.

உன் அம்மாவுக்கு என் அன்பு. அவர் மத்தியானம் வார்டுக்கு வந்து பேப்பர் படித்துக் காட்டியதை அவள் நினைத்துக்கொள்கிறாளா?

குட்டை


ஜனவரி 24

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பலகை பற்றி அவர்கள் பதிவேட்டில் ஒன்றும் இல்லை. ஆய்வாளர் கையில் இதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கொடுக்கவில்லை. இந்த இரண்டும் உறுதி.

என் பத்திரிகையில் இதை நான் எழுதவில்லை. வேண்டியவர்கள் விஷயத்தை எழுதக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

நர்ஸ்கள் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வயதான நர்ஸ் ஒருத்தி சொன்னது: "மின்சாரம் போயி லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, மத்தவங்கன்னா மேல போயி கையால சக்கரத்தச் சுத்தி லிஃப்ட இறக்குவாங்க. இவரு முதல்ல கதவிடுக்குல வாய வச்சு, 'நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல'ன்னு சொல்லிட்டுத்தான் மேல போவாரு. மேலேருந்தும் நடுநடுவே யாரையாவது அனுப்பி, 'அவரு இருக்காரு'ன்னு சொல்லச் சொல்வாரு." உள்ளே மாட்டியவர்களில் ஒருத்தர்கூட அலறியதில்லையாம்.

அம்மா நினைத்துக்கொள்கிறாள்.

உன் அண்ணன் பேத்தி உதைக்காமல் இருக்க நடுவில் ஒரு தலையணை போடு.

நெட்டை


பிப்ரவரி 2

அன்புள்ள நெட்டைக்கு,

தலையணையையும் உதைக்கிறாள். மற்றபடி நலம்.

நான் யோசித்துப் பார்த்தேன். லிஃப்டின் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் அவர் இறங்கவே மாட்டார். நிறுத்தியிருக்கிறார். அப்படியானால் யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். சுவிட்ச் பெட்டி கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கை வைத்தது யார்?

பெட்டிக்குப் பூட்டும் உண்டு, சட்டப்படி பூட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்கிறான். எனக்குத் தெரியும். ஒருநாள் நானே கேட்டேன். "பூட்டினா சாவி என்கிட்ட இருக்கும். அவசரமா ஸ்ட்ரெச்சர் வந்தா என்னத் தேடணும். பலகைன்னா கூப்பிட்டாப் போதும், ஏறி வந்துடுவேன்" என்றார். குழியில் இறங்கியதும் லிஃப்ட் கதவையும் உள்ளேயிருந்து சாத்திக்கொள்வார், திறந்திருந்தால் ஏதாவது குழந்தை எட்டிப் பார்த்து விழுந்துவிடும் என்று. நல்லவராக இருப்பதில் ஒரு கஞ்சத்தனம் வேண்டும், நெட்டை. இவருக்கு அது இல்லாமல் போயிற்று.

அன்றைக்குப் பணியில் இருந்த ஸ்ட்ரெச்சர்காரர் ஒருவர் உண்டு அல்லவா, நரைத்த மீசை? அவரைக் கேட்டாயா? நீ ஒருவரை இரண்டு தடவை கேட்டால் கல்லும் பேசிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். "ரிப்போர்ட்டரம்மா ஒரு தடவை கேட்டு விடுறவங்க இல்ல" என்பார்.

சீக்கிரம் எழுது.

குட்டை


பிப்ரவரி 27

அன்புள்ள குட்டைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை.

ஸ்ட்ரெச்சர்காரர் டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டார், அல்லது விடச் சொன்னார்கள். எது என்று உறுதியாகவில்லை. ஆய்வாளர் மே மாதத்தில் சாட்சிகளை அழைப்பார்.

மத்தியானம் இரண்டு மணி ஆனால் அம்மா கதவைப் பார்க்கிறாள். "பேப்பர் தம்பி வரலையா?" என்கிறாள். அவர் இறந்துவிட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நெட்டை


மார்ச் 5

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். பஸ்ஸில் ஒருத்தி சில்லறை கேட்டுச் சண்டை போட்டதை நாலு பக்கம் எழுதுகிறவள் நீ. உன் கடிதம் இந்தத் தடவை மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. உனக்கு உடம்பு ஏதாவதா? என்னிடம் மறைக்காதே. எனக்கு இனி மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

ஸ்ட்ரெச்சர்காரரின் தங்கை வீட்டு விலாசம் ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் இருந்தது. அண்ணனை விட்டு வாங்கினேன். நானே ஒரு கார்டு போட்டிருக்கிறேன். பார்த்தாயா, நானும் நிருபர் ஆகிவிட்டேன்.

பதில் போடு.

குட்டை


மார்ச் 21

அன்புள்ள நெட்டைக்கு,

நீ பதில் போடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று ஸ்ட்ரெச்சர்காரர் இங்கே வந்தார்.

இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். நான் உதட்டைப் பார்த்துத்தான் கேட்பேன் என்றதும் மீசையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, சுவிட்சப் போட்டது நான்தான். பலகை இருந்துச்சு. படிச்சேன். படிச்சிட்டுத்தான் போட்டேன். கீழ் வார்டுல ஒரு வயசானம்மாவுக்கு ரெண்டாந்தடவையா வாதம் வந்துச்சு. உடனே மூணாம் மாடிக்கு ஸ்கேனுக்குக் கொண்டுபோகச் சொன்னாங்க. லிஃப்ட் மேல நிக்குது. அவங்க மக கூட வந்தாங்க. கதவுகிட்ட குனிஞ்சு ஒரு தடவ கூப்பிட்டாங்க. பதில் வரல. போடுங்கன்னாங்க. போட்டேன். பலகையக் கழட்டி அவங்க கையிலதான் குடுத்தேன்."

அண்ணன் பாய்ந்தான். "யாருய்யா அந்தம்மா? பேரச் சொல்லு!"

"பேரு சொல்ல மாட்டேன் சார். கண்காணிப்பாளர் என்னக் கூப்பிட்டு, 'பலகையும் இல்ல, சுவிட்சும் போடல, புரியுதா?'ன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அந்தம்மா என்னக் காட்டிக் குடுக்கல. நானும் குடுக்க மாட்டேன். ஆய்வாளர் கேட்டா நான் போட்டேன்னு மட்டும் சொல்லிடறேன்."

"எப்படி இருப்பாங்க, அதையாவது சொல்லேன்" என்றான் அண்ணன்.

அவர் கையை உயர்த்தித் தன் தலைக்கு மேலே ஒரு சாண் காட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டு அழுதார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

உன் அம்மா கீழ் வார்டில் ஒன்பது நாள் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அன்று நீ எங்கிருந்து ஓடி வந்தாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. ஆபீஸிலிருந்து என்று நானாக நினைத்துக்கொண்டேன், நீயும் இல்லையென்று சொல்லவில்லை.

இப்போதும் நான் கேட்கவில்லை. நீ சொல்.

குட்டை


ஏப்ரல் 9

குட்டைக்கு,

நான்தான். அன்று நான் ஆபீஸில் இல்லை. முப்பத்தொரு வருஷமாக உறுதியாகாத எதையும் அச்சுக்குக் கொடுத்ததில்லை என்று பெருமை பேசியவள், உறுதியாகத் தெரிந்த ஒன்றை உன்னிடம் ஐந்து மாதம் மறைத்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மணி இரண்டு முப்பத்தைந்து. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் கதவருகே நின்றது. அம்மாவின் வாய் கோணிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் ஸ்கேன் எடுத்தாத்தான் பேச்சு திரும்பும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவிட்ச் பெட்டியில் பலகை தொங்கியது. ஸ்ட்ரெச்சர்காரர், "உள்ள இருக்காரு போலம்மா" என்றார். கதவுக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பம்புக்கு மின்சாரம் வேறு இணைப்பில் வருகிறது. மழைத்தண்ணீர் குழியில் தேங்கும், அதை இறைக்கத்தான் இறங்கியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

குனிந்து, "அண்ணா, உள்ள இருக்கீங்களா?" என்றேன். ஒரு தடவைதான். பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று விநாடி நின்றிருப்பேன், அதற்கு மேல் இல்லை. "பம்ப ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். இவை என் வார்த்தைகள், ஒன்றுகூட மாற்றவில்லை. ஸ்ட்ரெச்சர்காரர் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். பொத்தானை அழுத்தியது நான்.

லிஃப்ட் இறங்கி வந்தது. தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. பிறகு பம்ப் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவை நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று மாடிக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று. முதலிலேயே அப்படிப் போயிருக்கலாம். அந்த ஏழு நிமிஷத்தைத்தான் இந்த ஐந்து மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பலகை என்னிடம் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் அம்மாவின் கால்மாட்டில் வைத்திருந்தேன். மாலையில் போர்வையை மடிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வீட்டில் என் துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஜனவரியில் நீ அதைக் கேட்டபோது, பதிவேட்டில் இல்லை, ஆய்வாளரிடம் இல்லை என்று எழுதினேன். இரண்டும் உண்மை. உண்மையை வைத்து எப்படிப் பொய் சொல்வது என்று இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அம்மா என்று நினைத்துக்கொண்டேன், ஸ்ட்ரெச்சர்காரர் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் நீ. நீ என்னை நெட்டை என்று கூப்பிடுவதும், குட்டை என்று கையெழுத்துப் போடுவதும் நின்றுவிடும் என்ற பயம்.

அவரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய நாள் மத்தியானம் அம்மாவுக்கு என்னுடைய செய்தியை வாசித்துக் காட்டினார். தண்ணீர்க் குழாய் உடைந்த செய்தி. முடித்துவிட்டு, "உங்க பொண்ணு ஒரு குழாய் உடைஞ்சதுக்கே ஏழு பேரக் கேட்டு எழுதியிருக்காங்க பாருங்கம்மா" என்று சிரித்தார்.

நெட்டை


ஏப்ரல் 30

நெட்டைக்கு,

நீ கூப்பிட்டபோது அவர் பதில் சொல்லியிருப்பார். அது எனக்கு உறுதி. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "இதோ வர்றேன்" என்றிருப்பார், அவருடைய குரலில். உனக்குக் கேட்கவில்லை.

எனக்கு அவர் பதில் இருபது வருஷமாகக் கேட்டதில்லை. அதனால் நான் எப்போதும் கதவைத் திறந்து பார்த்துவிடுவேன். காது கேட்கிற நீங்கள் பார்ப்பதில்லை.

பலகையை ஆய்வாளரிடம் கொடு. எனக்கு அனுப்பாதே.

உன் அம்மாவிடம் சொல்லிவிடு. பாவம், வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வைக்காதே.

குட்டை


மே 7

குட்டைக்கு,

நேற்று காலை பத்தரை மணிக்குப் பலகையை ஆய்வாளரிடம் கொடுத்தேன். ரசீது எண் 114, அவர் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. வாக்குமூலம் ஆறு பக்கம். சுவிட்சைப் போடச் சொன்னது நான், பொத்தானை அழுத்தியது நான் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ட்ரெச்சர்காரர் எனக்கு முன்னாலேயே வந்து சொல்லியிருந்தார். வராந்தாவில் எதிர்ப்பட்டோம். "உக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க" என்று பெஞ்சில் இடம் விட்டார்.

ஆய்வாளர் பலகையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு மரியாதையா யாருய்யா எழுதினது?" என்று எழுத்தரைக் கேட்டார். "பலகை இல்லை" என்ற வரி நீங்கும், மின்சாரத்தை நிறுத்தாமல் இறங்கினார் என்பதும் நீங்கும் என்று ஆய்வாளர் வாயால் சொன்னார். எழுத்தில் இன்னும் வரவில்லை. ஆனால் பூட்டுப் போடாததைப் பற்றிக் கேட்டார். சாவி தன்னிடம் இருந்தால் நோயாளி காத்திருக்க வேண்டிவரும் என்பதால் என்று நீ எழுதியதைச் சொன்னேன். "இத அறிக்கையில எப்படிம்மா எழுதுறது? கருணைன்னு ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்லையே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். மேஜையைக் காலி செய்யச் சொல்லவில்லை. செய்தி எழுத வேண்டாம், அறிக்கை வரும்வரை மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிரு என்றார்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். எல்லாவற்றையும், சொல்லாமல் இருந்ததற்கு அவளைச் சாக்காக வைத்திருந்ததையும். அவள் அசைகிற கையால் பேப்பரை என் பக்கம் தள்ளி, "நீ படி" என்றாள். படித்தேன். சத்தமாகப் படித்தேனாம்; "மெதுவா" என்றாள்.

உன் காது மெஷின் பழுதுபார்க்கப்பட்டதா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

நிலுவையில் இருப்பவை: ஆய்வாளரின் இறுதி அறிக்கை. மே 28, காலை பதினொரு மணி, இரண்டாம் மாடியில் வாசிப்பார். உனக்கும் அழைப்பு வரும். கவனக்குறைவு என்ற சொல் அதில் இருக்குமா, இருந்தால் யார் பெயருக்கு எதிரே இருக்கும் என்பது அன்றுதான் தெரியும். இன்னொன்று, இந்தக் கடிதத்துக்கு உன் பதில். அதற்குத் தேதி எதுவும் எனக்குத் தெரியாது. வராவிட்டால் நீ இல்லை என்று நினைத்துக்கொள்ள மாட்டேன். மறுபடியும் எழுதுவேன்.

நெட்டை